மருந்தில்லீங்க, உணவு

அந்தப் பையில தெரியற டப்பாவைக் கொஞ்சம் காட்டுங்க பாப்போம். இல்லீங்க, விக்கறதுக்கோ வாங்கறதுக்கோ இல்ல. சும்மா பாக்கத்தான். பின்பக்கம் திருப்புங்க. இவ்வளவு பொடி எழுத்துல போட்டா யாரு படிக்கறது? எனக்குப் படிக்க வேண்டியதில்ல, மனப்பாடம். பச்சைத் தேயிலைச் சாறு, குடம்புளிச் சாறு, அப்புறம் அந்தக் கார்னிடின்னு ஒரு அமினோ அமிலம். இருக்குதுங்களா? இருக்கும். உங்க கம்பெனி வேற, நான் இருந்த கம்பெனி வேற. உள்ள இருக்கற சரக்கு ஒண்ணேதான்.

உங்களுக்கு ஒரு எழுபத்தி நாலு கிலோ இருக்குமுங்களா? எழுபத்தி மூணரையா? பாத்தீங்களா! தப்பா எடுத்துக்காதீங்க. நாலு வருசம் காலைல எந்திரிச்சதும் அதே வேலை. ஆளு படியேறி வர்றப்பவே எடை தெரிஞ்சுரும். இப்பக் கல்யாணத்துக்குப் போனாக்கூட மாப்பிள்ளை பொண்ணு மூஞ்சி தெரியறதில்லீங்க, கிலோதான் தெரியுது. அது ஒரு சீக்கு.

இன்னும் குடிக்க ஆரம்பிக்கலையா? நல்லதாப் போச்சு. உங்க டோக்கன் எத்தனை? அறுபத்தி ரெண்டா. இப்பத்தான் நாப்பத்தி ஒண்ணு உள்ள போகுது. உங்க வீட்டுக்காரரு நல்லாத் தூங்கறாரு, தூங்கட்டும். என்ற பொண்ணு டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுக்கப் போயிருக்கறா. அது முடிஞ்சு ஸ்கேன். ஈரல் ஸ்கேனுங்க. பதினேழு வயசு. ஆமா, பதினேழு வயசுப் புள்ளைக்கு ஈரல் ஸ்கேன். நீங்க மூஞ்சியைச் சுளிக்கறது சரிதான். நானும் மத்தவங்க சொல்லிக் கேட்டிருந்தா அப்படித்தான் சுளிச்சிருப்பன்.

என்ற பேரு கோகிலவாணிங்க. கோபி பக்கம். நீங்க திருப்பூரா? அப்ப என்னை யாருன்னு உங்களுக்குத் தெரியாது. அதனாலதான் சொல்றன். எங்க ஊருல சொல்ல முடியாது. எங்க ஊருல நான் கோகி கோச்.

மொதல்ல அந்தத் திலகவதியைப் பத்திச் சொல்லிடறன், இல்லீன்னா எனக்கு நெஞ்சு ஆறாது. அவதான் என்னை இதுல சேத்து விட்டது. நாலு வருசம் "என்ற தங்கச்சி, என்ற தங்கச்சி"ன்னு மேடைல கையைப் புடிச்சுத் தூக்குனவ. என்ற பொண்ணு ஆசுபத்திரில படுத்த ஆறாம் நாளு வாட்ஸாப் குரூப்புல ஒரு மெசேஜ் போட்டாளுங்க: "சொந்தக் காரணங்களுக்காக கோச் கோகிலவாணி நம்மிடமிருந்து விடைபெறுகிறார், வாழ்த்துவோம்"னு. அதுக்கு எழுபது பேரு கும்பிடு போட்டிருக்காங்க. அடுத்த நிமிசம் என்னைக் குரூப்புல இருந்து எடுத்தாச்சு. நான் செத்துப் போயிட்டன்னு கூட யாராச்சும் நெனச்சிருப்பாங்க. ஒரு போன் இல்ல, ஒரு ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு வந்து எட்டிப் பாக்கல. எல்லாத்துக்கும் அவதான் காரணமுங்க. என்ன ஏதுன்னு சொல்லாம, எங்க ஒறம்பரை, சொந்தபந்தம் அத்தனை பேருகிட்டயும் அவ பேரைத்தான் சொல்லி வெச்சிருக்கறன். முக்கால்வாசி அவதான் காரணம்.

சரி, பாதின்னு வெச்சுக்கங்க.

கிளப்புன்னா என்னன்னு தெரியுங்களா? சீட்டாடற கிளப்பு இல்ல. மாடில ஒரு ஹாலு. காலைல அஞ்சரைக்குத் தொறந்தா எட்டு மணி வரைக்கும். வந்தவுடனே செருப்பைக் கழட்டிட்டு எடை மிஷின்ல ஏறணும். நோட்டுல எழுதுவோம். அப்புறம் ஒரு கிளாஸ் மூலிகை டீ, ஒரு கிளாஸ் அமினோ பவுடர் கலக்குனது, ரெண்டு கேப்சூலு. குடிச்சு முடிச்சதும் வட்டமா நின்னு ஒவ்வொருத்தரா கதை சொல்லணும். "என் பேரு இன்னது, வந்தப்ப எண்பத்தி ஒண்ணு, இன்னைக்கு எழுபத்தி எட்டு." எல்லாரும் கை தட்டுவோம். சிரிக்காதீங்க. ஊட்டுல ஒரு நாளும் கைதட்டு வாங்காத பொம்பளைங்களுங்க அவங்க. முப்பது வருசம் தோசை ஊத்துனதுக்கு யாரு கை தட்டுனா? அரைக் கிலோ கொறஞ்சதுக்கு இருபது பேரு தட்டறப்ப அழுவாங்க. நானும் அழுதிருக்கறன். அதெல்லாம் பொய்யின்னு நான் சொல்ல மாட்டன்.

புதுசா வர்றவங்க எல்லாரும் ஒரே கேள்விதான் கேப்பாங்க: "இதனால ஏதாச்சும் ஆயிருமா?" அதுக்கு ஒரு பதில் சொல்லிக் குடுத்திருந்தாங்க. "இது மருந்தில்லீங்க, உணவு. சோறு சாப்பிட்டா ஏதாச்சும் ஆகுமுங்களா?" நான் சொன்னாப் போதும், அவங்க மூஞ்சில பயம் போயிரும். எனக்குப் பேச்சு வருமுங்க. கொளத்து மேட்டுல நின்னு பேசுனாக் கூட ரெண்டு பேரைச் சேத்துருவன்னு திலகவதி சொல்லுவா. பெருமைக்குச் சொல்லல. இல்ல, பெருமைக்குத்தான் சொல்றன் போலிருக்குது. பாருங்க, இன்னும் போகல.

கோச்சு ஆகணும்னா ரெண்டு போட்டோ வேணும். எளைக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு, எளைச்ச பின்னாடி ஒண்ணு. நான் நெசமாலுமே எளைச்சது அஞ்சு கிலோ. அஞ்சு கிலோ போட்டோல தெரியாதுங்க. ரெண்டையும் பக்கத்துல வெச்சா ஒரே ஆளு ரெண்டு சேலைல நிக்கற மாதிரிதான் இருந்துச்சு. திலகவதி சொன்னா, "பழைய ஆல்பத்துல எங்கயாச்சும் குண்டா இருப்பே, தேடிப் பாரு"ன்னு. தேடுனன். கெடைச்சுது.

எங்க பக்கம் முழுகாம இருக்கற பொண்ணுக்கு ஏழாம் மாசம் பொறந்த ஊட்டுல இருந்து விதவிதமாச் சோறு கட்டிட்டு வந்து விருந்து வெப்பாங்க. கட்டுச்சோறும்போம். அன்னைக்கு எடுத்த போட்டோ. எனக்கு நீர் போட்டு மூஞ்சியெல்லாம் பூசணிக்கா மாதிரி இருந்துச்சு. பக்கவாட்டுல திரும்பி நிக்கறன். திலகவதி போன்லயே மாலையை வெட்டி எடுத்தா. கை நெறைய வளையல், அதையும் வெட்டுனா. எங்கம்மா என்ற தோள்ல கை வெச்சிருந்தாங்க, அந்தக் கையையும் வெட்டுனா. மிச்சம் ஒரு குண்டுப் பொம்பளை. "எண்பத்தி ஏழு, இப்ப அறுபத்தஞ்சு. நாலே மாசத்துல இருபத்திரண்டு கிலோ"ன்னு எழுதி ஹால் செவுத்துல ஆளுயரத்துக்கு பேனர் வெச்சாச்சு.

"அக்கா, இது பொய்யில்லையா"ன்னு கேட்டன். கேட்டனுங்க, சத்தியமாக் கேட்டன். "இதுல இருக்கறதும் நீதான், அதுல இருக்கறதும் நீதான், இதுல பொய் எங்கிருந்து வந்துச்சு"ன்னா. அதுக்கப்புறம் நான் கேக்கல. அந்த பேனரைப் பாத்துட்டு எத்தனையோ பேரு வந்து சேந்தாங்க. எங்க வீட்டுக்காரரு ஒரு நாள் ஹாலுக்குத் தண்ணி கேன் தூக்கிட்டு வந்தவரு, நின்னு பாத்தாரு. "இது நம்ம கட்டுச்சோத்துல எடுத்ததில்ல?"ன்னாரு. "ஆமா, அப்பக் குண்டாத்தான இருந்தன்"ன்னன். அவரு லேத் பட்டறை வெச்சிருக்கறாருங்க. இரும்புல நூலளவு தப்புனா ஊரைக் கூட்டுவாரு. இதுக்கு ஒரு வார்த்தை பேசல. அவரும் அன்னைக்கே ஒரு சத்தம் போட்டிருக்கலாமில்ல? எல்லாத்தையும் பொம்பளை தலைலயே கட்டுனா எப்படி?

பொண்ணு பேரு மௌனிகா. பேருதான் அப்படி. சிரிச்சான்னா தெருக்கோடி வரைக்கும் கேக்கும். அவங்கப்பா ஊட்டு ஒடம்பு அவளுக்கு, நல்லா அகலம். பள்ளிக்கூடத்துல எறிபந்து ஆடுவா, இவ எறிஞ்ச பந்தை எதிர்ல நிக்கறவளுக புடிக்க முடியாது. கையெழுத்து முத்து முத்தா இருக்கும். மொத ரெண்டு வருசம் லீவு நாள்ல என்கூட கிளப்புக்கு வந்து வர்றவங்க பேரெல்லாம் அவதான் எழுதுவா. எல்லாரும் கண்ணு கண்ணுன்னு கொஞ்சுவாங்க.

அவ ஒம்பதாவது முடிச்ச லீவுன்னு நெனைக்கறன். திலகவதி என்னைத் தனியாக் கூப்பிட்டு, "கோகி, தப்பா நெனைக்காத. கோச்சு பொண்ணே இப்படி இருந்தா, புதுசா வர்றவங்க என்ன நெனைப்பாங்க?"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. மிச்சத்தை நான் செஞ்சன். மறுநாளு, "நீ வராத கண்ணு, படிக்கற வேலையப் பாரு"ன்னன். ஊட்டுக்கு யாராச்சும் வந்தா, "உள்ள இரு கண்ணு"ன்னன். மொதல்ல "ஏம்மா?"ன்னு கேட்டா. படிக்கற புள்ளைக்கு வெளிய என்ன வேலைன்னன். அப்புறம் அவ கேக்கறதில்ல. வாசக் கேட் தொறக்கற சத்தம் கேட்டாப் போதும், சாப்பிட்டுட்டு இருந்தாலும் தட்டத்தை எடுத்துட்டு உள் ரூமுக்குப் போயி கதவைச் சாத்திக்குவா. நான் சொல்லவே வேண்டியதில்ல. நல்ல புள்ளைன்னு நெனச்சன். சொன்ன பேச்சுக் கேக்குதுன்னு.

ஒரு நாளு பவானில இருந்து ஒரு அம்மா ஊட்டுக்கு வந்திருந்தாங்க. பெரிய எடம். டீ குடிச்சுட்டு, "உங்களுக்குக் கொழந்தைங்க எத்தனை?"ன்னு கேட்டாங்க. நான் சொன்னன்... இருங்க, தண்ணி குடிச்சுக்கறன்.

"ஒரு பொண்ணுங்க, ஹாஸ்டல்ல படிக்குது"ன்னன்.

செவுத்துக்கு அந்தப் பக்கம் அவ உக்காந்திருக்கறா. அவ கேட்டாளா கேக்கலையான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. கேட்டிருப்பா. நம்மூட்டுச் செவுருங்க எல்லாம் ஒத்தைச் செங்கல்லுதான. அன்னைக்குப் பொழுதோட வந்து, "அம்மா, எனக்கும் அந்த கேப்சூல் குடேன்"ன்னா. எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுங்களா? என்ற கையாலயே குடுத்தன். காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, ஒரு கரண்டி அமினோ. என்ற பொண்ணு என்ற வழிக்கு வந்துட்டான்னு சாமிக்குக் கற்பூரம் கொளுத்துனன்.

மூணு கிலோ கொறஞ்சுது. அதோட நின்னு போச்சு. அவ அந்த பேனரைப் பாத்து வளந்தவ இல்லீங்களா? அம்மாவுக்கு நாலு மாசத்துல இருபத்திரண்டு போச்சு, எனக்கு ஏன் போகலைன்னு அவளுக்குள்ள ஓடியிருக்குது. நம்மகிட்டத்தான் ஏதோ கோளாறுன்னு நெனச்சிருக்குது அந்தப் புள்ளை. ஒண்ணு ரெண்டாச்சு, ரெண்டு மூணாச்சு. கட்டிலுக்கு அடில பெட்டி பெட்டியா இருக்குது, யாரைக் கேக்கணும்? சோத்தைப் பாதியாக்குனா. எனக்கு டப்பா கொறையறது தெரிஞ்சுதுங்க. தெரியலைன்னு பொய் சொல்ல மாட்டன். "பரவால்லையே, பொண்ணு சின்சியரா இருக்கறா"ன்னுதான் நெனச்சன்.

மூணு மாசத்துல பதினோரு கிலோ. கன்னம் ஒட்டுச்சு. கழுத்தெலும்பு தெரிஞ்சுது. அக்கம்பக்கத்துல எல்லாரும் "ஏனுங்க, மௌனிகா என்ன இப்படி அழகாயிட்டா"ன்னு கேட்டாங்க. நான் என்ன பண்ணுனன் தெரியுங்களா? ரெண்டு வருசம் உள்ள வெச்சுப் பூட்டுன புள்ளைக்குப் புதுச் சுடிதார் எடுத்துக் குடுத்து, கிளப்புக்குக் கூட்டிட்டுப் போயி நடுவுல நிக்க வெச்சன். "இவ என்ற பொண்ணு"ன்னு சொன்னன். ஹாலே அதிர்ற மாதிரி தட்டுனாங்க. அவ என்னைத்தான் பாத்துட்டு நின்னா. கண்ணுல தண்ணி. சிரிப்பு வேற. நானும் அழுதன். திலகவதி போட்டோ எடுத்தா.

அந்தப் போட்டோ இன்னும் என்ற போன்ல இருக்குது. அதுல அவ கண்ணு மஞ்சளா இருக்குதுங்க. நல்லாத் தெரியுது, எலுமிச்சம்பழம் மாதிரி. நான் டியூப் லைட்டுன்னு நெனச்சன்.

நாலு நாள் கழிச்சு வாந்தி. ஒடம்பெல்லாம் அரிப்பு, சொறிஞ்சு சொறிஞ்சு ரத்தம் வருது. இந்த ஆசுபத்திரிக்குத்தான் கூட்டிட்டு வந்தோம். ரத்தத்துல ஏதோ ஈரல் கணக்கு நாப்பதுக்குள்ள இருக்கணுமாம், இவளுக்கு ஆயிரத்தி நானூறு. பேரைக் கூடச் சின்ன டாக்டர் ரெண்டு தடவை கேட்டாரு, வேற யாரோட ரிப்போர்ட்டோன்னு. அப்புறம் பெரிய டாக்டர் வந்தாரு. பெரியவருன்னா வயசுல இல்ல, முப்பத்தஞ்சு இருக்கும். பொறுமையான மனுசன். "புள்ளைக்கு ஏதாச்சும் மருந்து குடுத்தீங்களா?"ன்னு கேட்டாரு.

இல்லீங்கன்னன்.

"நாட்டு மருந்து, லேகியம்?"

இல்லீங்க, நாங்க அதெல்லாம் நம்பறதில்லீங்கன்னன்.

"மூலிகை மாத்திரை, ஒடம்பு எளைக்கறதுக்குப் பவுடர், அந்த மாதிரி ஏதாச்சும்? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

அவரு அவ்வளவு தெளிவாக் கேட்டாருங்க. அதுக்கு மேல எப்படிக் கேக்கறது? இல்லவே இல்லைன்னன். ரொம்ப நாளு நான் எனக்கே ஒரு சமாதானம் சொல்லிட்டு இருந்தன், "நாலு வருசமா மருந்தில்ல, உணவுன்னு சொல்லிச் சொல்லி வாயி பழகிப் போச்சு, அதான் அப்படி வந்துருச்சு"ன்னு. வாயி பழகலீங்க. எனக்குத் தெரியும். அவரு கேட்டப்ப கட்டிலுக்கு அடில இருக்கற பெட்டி என்ற கண்ணு முன்னால வந்துச்சு. அந்த ஞாயித்துக்கிழமை கோயமுத்தூர்ல பெரிய கூட்டம், எனக்கு மேடைல அடுத்த படி ஏத்தி, தோள்ல பட்டை போடறதா இருந்துச்சு. இந்த விசயம் வெளிய போச்சுன்னா... அதைத்தான் நெனச்சன். பெத்த புள்ளை முன்னால மஞ்சளாப் படுத்திருக்குது, நான் பட்டையை நெனச்சன்.

வெக்கமா இருக்குதுங்க. வெக்கம்னு ஒரே வார்த்தைல சொல்லிட்டாப் போதுமான்னு தெரியல.

இதையும் கேட்டுக்குங்க. பாதி சொல்லி என்ன புண்ணியம். புள்ளை சோறு எறங்காமக் கெடக்குதே, தெம்புக்குன்னு அந்த அமினோ பவுடரை எளநீல கலக்கி ஆசுபத்திரிலயே குடுத்தன். ரெண்டு நாளு. அவ என்னை ஒரு பார்வை பாத்துட்டுக் குடிச்சா. வேண்டாம்னு சொல்லல. சொல்லாத புள்ளையாத்தான் நான் வளத்து வெச்சிருக்கறனே. டாக்டருங்க பாவம், காமாலைக் கிருமியா, தண்ணியால வந்துதா, ரத்தத்தால வந்துதான்னு ஒவ்வொண்ணாத் தேடிட்டு இருக்கறாங்க. ஒண்ணுலயும் இல்லைன்னு வருது. கணக்கு ஏறிட்டே போகுது. ரெண்டாயிரத்தைத் தாண்டிருச்சு.

மூணாம் நாளு டாக்டர் என்னை ரூமுக்குக் கூப்பிட்டாரு. கத்துவாருன்னு நெனச்சன். கத்தல. கத்தியிருந்தாக் கூடத் தேவலைங்க. "உங்க பொண்ணு நர்ஸ்கிட்டச் சொல்லிருச்சும்மா. எத்தனை கேப்சூல், எத்தனை நாளுன்னு எல்லாம் சொல்லிருச்சு"ன்னாரு. அப்புறம், "'எங்கம்மாகிட்டக் கேக்காதீங்க, வெளிய தெரிஞ்சா அவங்க தொழில் போயிரும்'னும் சொல்லுச்சு. ஆனா நான் உங்களைக் கேக்காம வைத்தியம் பாக்க முடியாது. டப்பா எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க"ன்னாரு.

ஈரல் அப்படி வீங்கிக் கெடக்குது, அப்பவும் அந்தப் புள்ளை என்ற தொழிலைக் காப்பாத்துது. அன்னைக்கே ஊட்டுக்குப் போயி கட்டிலுக்கு அடில இருந்ததையெல்லாம் வெளிய இழுத்தன்.

டப்பாவைக் கொண்டு போயிக் குடுத்தன். மூலிகைன்னு எழுதியிருந்தா ஒண்ணும் பண்ணாதுன்னு அர்த்தமில்லம்மான்னாரு. எதைத் தின்னாலும் ஈரல்தான் அதைப் பிரிச்சு வெளிய தள்ளணுமாம். பச்சைத் தேயிலையை டீயாக் குடிக்கறது வேற, நூறு டீல இருக்கறதைக் காச்சி ஒரு கேப்சூலுக்குள்ள அடைச்சு முழுங்கறது வேற. எல்லாருக்கும் ஆகாது, சில பேருக்கு ஒத்துக்காமப் போனா இப்படித்தான்னாரு. எந்தச் சரக்கால ஆச்சுன்னு தனித்தனியாச் சொல்ல முடியாதாம். இன்னும் ஒரு வாரம் போயிருந்தா ஈரல் மாத்தற பேச்சே வந்திருக்கும்னாரு. எல்லாத்தையும் நிறுத்துனதுக்கு அப்புறம் கணக்கு மெதுவா எறங்குச்சு. போன வாரம் நூத்திப் பத்து. இன்னைக்கு என்னன்னு பாக்கணும்.

ஊட்டுக்கு வந்த மறுநாளு அவகிட்ட பேனரைப் பத்திச் சொன்னன். சொல்லணும்னு தோணுச்சு. "கண்ணு, நீ நெனச்ச மாதிரி எனக்கு ஒண்ணும் எளைக்கலை சாமி. அந்தப் போட்டோ நீ வயித்துல இருக்கறப்ப எடுத்தது"ன்னன். அவ கஞ்சி குடிச்சுட்டு இருந்தா. கரண்டியை வெச்சுட்டு என்னைப் பாத்தா. "அப்ப அந்த இருபத்திரண்டு கிலோ நானாம்மா?"ன்னு கேட்டா.

கஞ்சி ஆறிப் போச்சுன்னு கிண்ணத்தை எடுத்துட்டுப் போயி சூடு பண்ணுனன். நாலு வருசம் எந்தக் கேள்வி கேட்டாலும் டக்குன்னு பதில் சொன்ன வாயிங்க இது.

அழல அவ. கோவிச்சுக்கவும் இல்ல. அன்னைல இருந்து "சரிம்மா"தான். மாத்திரை போட்டியா, சரிம்மா. ஆசுபத்திரிக்குப் போலாமா, சரிம்மா. நல்லாச் சாப்பிடணும்னு டாக்டர் சொல்லியிருக்கறாரு. நான் பக்கத்துல இருந்தா ரெண்டு வாயோட எந்திரிச்சுக்கறா. நான் கொல்லைப்பக்கம் போனாத்தான் மிச்சத்தைச் சாப்பிடறா. அதனால அவ சாப்பிடற நேரத்துக்கு நான் துணி தொவைக்கற மாதிரி கல்லுகிட்டப் போயி நின்னுக்கறன். துணி இருக்கோ இல்லையோ.

மத்தவங்ககிட்டச் சொன்னீங்களான்னு கேக்கறீங்க. என்கிட்ட வாங்கிக் குடிக்கற நூத்தி முப்பது பேருங்களா? சொல்லணுமுங்க. சொல்லணும்னுதான் இருக்கறன். எங்க சித்தி பொண்ணு கூட அதுல இருக்கறா. அவங்களுக்கெல்லாம் ஒண்ணும் ஆகலையே, நல்லாத்தான இருக்கறாங்க, எதுக்குப் போயி பயமுறுத்தறதுன்னு... பொண்ணுக்கு நாளைக்கு ஒரு வரன் பாக்கணும், ஈரல் சீக்குன்னு ஊருல பேரு வந்துட்டா... கோயில் வேண்டுதல் முடியட்டும், இந்த ஆடி முடியட்டும்னு தள்ளித் தள்ளி ஆறு வாரமாச்சு. உங்ககிட்டத்தான் மொத மொதல்ல முழுசாச் சொல்றன். உங்க பேரு கூட எனக்குத் தெரியாது பாருங்க.

ஊருக்குப் போனதும் சொல்லிருவன். சொல்லிருவனுங்க. அந்தப் பவானி அம்மாவுல இருந்து ஆரம்பிக்கணும்.

அட, ஸ்கேன் ரூம் கதவு தொறந்துருச்சு. அதோ வர்றா பாருங்க, என்ற பொண்ணு. நீலச் சுடிதார். முழங்கைல பஞ்சு ஒட்டியிருக்குது. அந்த எறிபந்து ஆடுன புள்ளைதானுங்க அது... இங்கதான் பாத்தா. பாத்துட்டாளே, ஏன் நின்னுட்டா?

எங்க போறா? மருந்துக் கடைப் பக்கம் எதுக்குப் போறா... அந்தத் தூணுக்குப் பின்னாலயா? ஏன் அங்க போயி நிக்கறா, இங்க எடம் இருக்குதே, துப்பட்டா மட்டும் தெரியுது.

ஐயோ. சாமி.

நான் உங்க பக்கம் திரும்பிக் கையை ஆட்டி ஆட்டிப் பேசிட்டு இருக்கறதைப் பாத்திருக்கறாளுங்க. நீங்க புதுசா சேர வந்த ஆளுன்னு நெனச்சுட்டா. உங்க கண்ணுல படக்கூடாதுன்னு போயி ஒளிஞ்சு நிக்கறா.

மௌனிகா! இங்க வா கண்ணு! இவங்க சும்மா... அவங்க வீட்டுக்காரருக்குச் சுகரு, காட்ட வந்திருக்கறாங்க. நான் ஒண்ணும் விக்கல சாமி! வா!

வரமாட்டேங்கறாளுங்க. "நீ பேசிட்டு வா"ன்னு கையைக் காட்டறா. சிரிக்கறா வேற.

ஏனுங்க, உங்க வீட்டுக்காரரு தூங்கட்டும், இன்னும் பத்துப் பதினைஞ்சு டோக்கன் இருக்குது. கொஞ்சம் எந்திரிச்சு என்கூட அந்தத் தூணு வரைக்கும் வாங்களேன். நீங்களே அவகிட்டச் சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டா.